லாச்சிக்குள்ள நாலு ரவுட்டர்

எங்கட வீட்டு மேசை லாச்சிக்குள்ள நாலு ரவுட்டர் கிடக்கு. ஐந்தாவது யன்னல் கம்பியில தொங்குது. அதுகளோட இரண்டு டொங்கிள், பாரிஸ் மாமா தந்த பழைய ஐபோன், பற்றறி ஊதிப்போன பவர் பாங்க், ஒருநாளும் பூட்டாத ஸ்மார்ட் பல்ப் ஒன்று. அம்மா இந்த லாச்சிக்கு வைத்திருக்கிற பெயர் "பழைய இரும்பு". பழைய இரும்பு வாங்கிற ஐயா ரோட்டால கத்திக்கொண்டு போகிற நேரமெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பா.

இந்த வியாதி இதை வாசிக்கிற கனபேருக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். சோறு தின்னும்போது யூடியூப்பில் ஆரோ பெட்டி உடைக்கிறதைப் பார்க்கிறது. வாங்கவே போகாத போனின் சிப் பெயரைப் பாடமாக்கி வைத்திருக்கிறது. ஒன்லைன் கடையில் சாமானைக் கூடைக்குள் போட்டுவிட்டு 11.11 வரைக்கும் காத்திருக்கிறது. சீனச் சாமானுக்கு அல்லைப்பிட்டியில் இவ்வளவு மவுசா என்று கேட்காதீர்கள். 1970களின் கடைசியில் இங்கே கிண்டிப் பார்த்த ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது சொங் வம்சக் காலத்துச் சீனப் பாத்திரத் துண்டுகள். ஆயிரம் வருசத்துக்குக் கிட்ட முதலே எங்கட கரையில் சீனப் பெட்டி உடைத்திருக்கிறார்கள். அப்போது ரிட்டர்ன் பொலிசி இருந்ததோ தெரியாது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். போன மாசம் மாமா வீடியோ கோல் எடுத்தார். படம் உறைந்து, குரல் மட்டும் வந்தது. "என்னடா தம்பி, இன்னும் உந்த நெற்றை வைச்சே இழுக்கிறாய்? எலன் மஸ்க்கின்ர தட்டு இப்ப அங்க வந்திட்டுதாமே. நான் காசு போட்டுவிடுறன், வாங்கிப் பூட்டு."

வேண்டாம் மாமா என்றேன். மாமா நம்பவில்லை. சாமான் ஒன்றை வேண்டாம் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. உயர்தரம் படிக்கிற தங்கச்சி பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து என்னோட கதைக்கிறதில்லை. அவளுக்கும் மாமாவுக்கும் சரியாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஐந்தாவது ரவுட்டரின் கதை. வைஃபை 6, நாலு அன்ரெனா, 28,500 ரூபாய். பூட்டி, வேகம் பார்த்தேன். பழையதில் 4 எம்பிபிஎஸ். புதியதில் 4 எம்பிபிஎஸ். கடைக்காரரில் பிழை இல்லை, கொம்பனியிலும் பிழை இல்லை, என்னில்தான் பிழை. வைஃபை ரவுட்டர் செய்வது வீட்டுக்குள்ள பங்குபோடுகிற வேலை மட்டும். வெளியில் இருந்து வருவது குறைவென்றால் அது எவ்வளவு வேகமாகப் பங்குபோட்டாலும் வருவது அவ்வளவுதான். பெரிய தொட்டி கட்டினால் கிணறு ஊறுமா? தண்ணீர்ப் பவுசரைப் பார்த்துக்கொண்டிருக்கிற தீவுப்பகுதி ஆளுக்கு இது முதலே விளங்கியிருக்க வேணும். இப்போது அந்த 28,500 ரூபாய் லாச்சிக்குள்ள. யன்னலில் தொங்குவது மூன்றாவதாக வாங்கிய பழைய 4ஜி பெட்டி.

அந்த 4ஜி பெட்டியையும் குறை சொல்ல முடியாது. ரவரில் எங்கள் பக்கம் பார்த்திருக்கிற அன்ரெனாவுக்குக் கீழே உள்ள எல்லாரும் ஒரே அளவைத்தான் பங்குபோடுகிறோம். வீட்டு ரவுட்டர்காரர், போனில் படம் பார்க்கிறவர், தீவுக்குப் போகிற பஸ்ஸில் இருந்து ரிக்ரொக் தள்ளுகிறவர், எல்லாரும். பின்னேரம் 7 மணியில் இருந்து 10 மணிவரை சனம் எல்லாம் ஏறும், வேகம் விழும். விடியப்புறம் 2 மணிக்குப் பார்த்தால் அதே பெட்டியில் 40 வரும். பக்கேஜும் அதற்கேற்ற மாதிரித்தான் வெட்டப்பட்டிருக்கு: பகலுக்கு இவ்வளவு ஜிபி, நடுச்சாமத்துக்குப் பிறகு இவ்வளவு ஜிபி. எங்கட ஊரில் இரண்டு மணிக்கு லைற் எரிகிற வீட்டைக் கண்டால் செத்தவீடு என்று நினைக்காதேங்கோ. ஆரோ அப்டேட் இறக்குகிறார்.

நான் வீட்டில் இருந்து வேலை செய்கிறேன். வெளிநாட்டுக் கடைகளின் சாமான் படங்களைத் திருத்திக் கொடுக்கிற வேலை. போன மாசம் 2 ஜிபி கோப்பு ஒன்றை இரவு எட்டுக்குள் ஏற்ற வேணும். ஏற்றுகிற வேகம் 1 எம்பிபிஎஸ். கணக்குப் பாருங்கள்: 2 ஜிபி என்றால் 16,000 மெகாபிற், அதாவது 16,000 செக்கன், நாலரை மணித்தியாலம். அதுவும் ஒருக்காலும் அறாமல் போனால். நாலாம் மணித்தியாலத்தில் அறுந்தது. அந்த வாடிக்கையாளர் பிறகு வரவில்லை. இறக்குகிற வேகத்தைத்தான் எல்லாரும் விளம்பரத்தில் போடுகிறார்கள். ஊரில் இருந்து உழைக்கிறவனுக்கு ஏற்றுகிற வேகம்தான் சோறு.

ஃபைபர் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கட ஒழுங்கைக்கு வரேல்ல. மூன்று தடவை விண்ணப்பித்தேன். எந்தக் கொம்பனி என்று எழுதவில்லை, அதில் அர்த்தமும் இல்லை, ஏனென்றால் எவர் செய்தாலும் கணக்கு ஒன்று. தூண் நட்டு, கேபிள் இழுத்து, ஆள் விட்டுச் செய்கிற செலவு ஒழுங்கையின் நீளத்தைப் பொறுத்தது. வருகிற காசு வீட்டின் எண்ணிக்கையைப் பொறுத்தது. போனில் கதைத்த பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டா: "அண்ணா, அந்த லேனில எத்தனை வீடு?" பதினாலு என்றேன். "அதில எத்தனை பேர் எடுப்பினம்?"

அதுக்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை. பதினாலில் ஆறில்தான் ஆள். மற்ற எட்டும் பூட்டு. பாரிஸ், லண்டன், ரொறன்ரோ, ஒன்று சென்னை. ஷோபாசக்தியின் ஊர் என்று சொன்னால் உங்களில் சிலருக்கு அல்லைப்பிட்டி தெரியும். அவரும் போனவர்களில் ஒருவர்தான். 1990இல் ஊர் ஒருக்கால் வெறுமையானது. 2006 மே மாதமும் ஓகஸ்ட் மாதமும் இங்கே நடந்ததை நான் திரும்ப எழுதத் தேவையில்லை. அதோட இன்னொருக்கால் வெறுமையானது. திரும்பி வந்தவர்கள் வந்தார்கள். வராதவர்களின் வீட்டுக்கு மாமரமும் பூட்டும் காவல்.

ஆக, ஆள் இல்லாததால் கேபிள் வராது. கேபிள் இல்லாததால், படித்துவிட்டு இங்கே இருந்து உழைக்கலாம் என்று நினைக்கிற என் வயதுக்காரர் ரவுணுக்கு வாடகைக்குப் போகிறார்கள், இல்லையென்றால் கொழும்புக்கு, இல்லையென்றால் ஏஜென்சிக்குக் காசு கட்டுகிறார்கள். வீடு இன்னும் குறையும். இரவில் கரையில் நின்றால் பரவைக்கடலுக்கு அங்கால யாழ்ப்பாணத்து வெளிச்சம் தெரியும். பண்ணைப் பாலத்தால் மோட்டச்சைக்கிளில் பத்துப் பதினைஞ்சு நிமிசம். அங்கே ஃபைபர் வீட்டு வாசல் வரை ஓடுகிறது.

இப்போது மாமாவின் தட்டுக்கு வருவம். ஸ்ரார்லிங்குக்கு இலங்கையில் 2024 ஓகஸ்ட் மாதம் உரிமம் கிடைத்தது, 2025 ஜூலையில் சேவை தொடங்கியது. தொழில்நுட்பத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, உண்மையைச் சொன்னால் வாயூறுது. பழைய செய்மதி இன்ரநெற் 35,786 கிலோமீற்றர் உயரத்துக்குப் போய் வந்தது. நாங்கள் "ஹலோ" சொல்லி அங்கால இருந்து பதில் வந்து சேர அரைச் செக்கனுக்கு மேலே எடுக்கும். இது ஏறக்குறைய 550 கிலோமீற்றரில் பறக்கிறது. ஃபைபரோட ஒப்பிடக்கூடிய அளவுக்கு வேகமாகப் பதில் வரும். ஆனால் 2025இல் சேவை தொடங்கியபோது தட்டு ஒரு லட்சத்துக்கு மேலே, மாதக் கட்டணம் பத்தாயிரத்துக்கு மேலே. இன்னொரு செலவை ஆரும் சொல்வதில்லை: கரண்ட். அந்தத் தட்டு 75 முதல் 100 வாற்ஸ் வரை தின்னும். இரவு பகலாகப் பூட்டிவைத்தால் மாதம் 54 யூனிற்றுக்குக் குறையாது. என்னுடைய 4ஜி பெட்டி 10 வாற்ஸ், மாதம் 7 யூனிற். எங்கட வீட்டுப் பில் 60 யூனிற்றுக்குள்ள நிற்பதற்கு அம்மா ஃபேனை நிற்பாட்டித் திரிகிறா. 60ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேற என்பது இந்த நாட்டில் பில் கட்டுகிற எல்லாருக்கும் தெரியும்.

சரி, இதையும் மாமா கட்டுவார் என்று வைப்பம். அவர் கட்டுவார். அங்கேதான் எனக்குப் பிரச்சினை.

எங்கட ஒழுங்கையில் கூடச் சத்தம்போடுகிற ஆள் நான். மூன்று விண்ணப்பம் போட்டதும் நான், தபால் கந்தோரடியில் கண்டவரை எல்லாம் மறித்துக் கதைத்ததும் நான். கூரையில் தட்டு ஏறிய அடுத்த நாள் நான் வாய் மூடிவிடுவேன். வெட்கப்பட்டு இல்லை, நேரம் இருக்காது, தேவையும் இருக்காது. எனக்குப் பிறகு, வெளிநாட்டில் ஆள் இருக்கிற அடுத்த வீடு வாங்கும். பிறகு இன்னொன்று. கடைசியில் கேபிள் கேட்க மிஞ்சுவது வெளிநாட்டில் ஒருவரும் இல்லாத இரண்டு வீடு. "எத்தனை பேர் எடுப்பினம்?" என்ற கேள்விக்கு "ரெண்டு" என்று பதில் போகும். கோப்பு மூடப்படும். தண்ணீரில் இது நடந்ததைக் கண்டிருக்கிறேன். சொந்தமாகப் பவுசர் கூப்பிடக் காசு இருக்கிற வீட்டுக்காரர் தண்ணீர்க் கூட்டத்துக்கு வருவதில்லை.

கேட்கத் தெரிந்தவர்கள், கேட்டால் காது கொடுக்கப்படுகிறவர்கள்தான் வாங்கக்கூடியவர்களும். அவர்கள் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு விலகினால், பொதுவாக வரவேண்டியது வராது. ஐந்து ரவுட்டர் வாங்கியவன் இதைச் சொல்வது பகிடிதான். ஆனால் ஐந்து வாங்கிய பிறகுதான் இது விளங்கியது.

நெடுந்தீவுக்காரர் தட்டு வாங்கினால் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். குறிகட்டுவானில் இருந்து ஒரு மணித்தியாலம் கடலில் போக வேண்டிய தீவு அது. தேசிய மின்கம்பியே போகாமல் டீசல் ஜெனரேற்றரில் இருந்த இடம். அங்கே வானத்தைப் பார்ப்பது நியாயம். பாலம் கட்டி, தார் போட்டு, கரண்ட் கம்பியும் வந்த அல்லைப்பிட்டியில் இருந்து வானத்தைப் பார்க்கச் சொல்வதை எனக்கு ஏற்க முடியவில்லை.

"அப்ப கேட்டுக் கேட்டே கிழவனாகப் போறியோ மச்சான்?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் நாங்கள் கேட்பது பிச்சை இல்லை. 2003இல் வெளிநாட்டு அழைப்பு வியாபாரம் பல கொம்பனிகளுக்குத் திறந்தபோது, வெளியில் இருந்து இலங்கைக்கு வருகிற அழைப்பில் நிமிடக் கணக்கில் ஒரு அபிவிருத்தி வரி போடப்பட்டது. கிராமங்களுக்குத் தொலைபேசி போகச் செய்வது அதன் நோக்கம். அந்த வருசங்களில் வெளியில் இருந்து இந்த நாட்டுக்கு ஆர் அழைத்தது? கோலிங் கார்ட்டைச் சுரண்டிச் சுரண்டி மாமாக்களும் சித்திமாரும் அழைத்தார்கள். "சத்தமாக் கதையுங்கோ, கேக்கேல்ல" என்று கத்திய ஒவ்வொரு நிமிசத்திலும் கிராமத்துக்கென்று ஒரு பங்கு கழிந்திருக்கிறது. அதில் தீவகத்துக்கு எவ்வளவு வந்தது என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கு. சட்டப்படியே இருக்கு: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேணும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம். தபால் செலவு ஒரு யூஎஸ்பி கேபிளை விடக் குறைவு.

இரண்டாவது, வாசிகசாலை. எங்கட அப்பப்பா காலத்தில் ஆரும் வீட்டுக்குப் பேப்பர் எடுப்பதில்லை. சனசமூக நிலையத்தில் ஒரு பேப்பர் வரும், பக்கத்தைப் பிரித்துப் பிரித்து ஊரே வாசிக்கும். செய்தியைப் பொதுவாக வாங்கிப் பழகிய ஊர்கள் இவை. மாமா தட்டுக்குக் காசு போடத்தான் நிற்கிறார் என்றால் அந்தக் காசை வாசிகசாலைக்குப் போடட்டும் என்று கேட்டிருக்கிறேன். 4ஜியோ செய்மதியோ, பிறகு பார்க்கலாம். இதில் ஒரு சிக்கல் இருக்கு, மறைக்கவில்லை: வீட்டுப் பக்கேஜை எடுத்து ஊருக்கு விற்க ஸ்ரார்லிங்கின் விதி விடாது, காசு வாங்கி இன்ரநெற் விற்பதற்கு இங்கே உரிமமும் வேணும். அதனால் விற்பது இல்லை. நிலையத்தின் பெயரில் அதற்குரிய பக்கேஜ், மேசை, நாலு கதிரை, பிளக் பொயின்ற், தங்கச்சி மாதிரிப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு நேரம் ஒதுக்கி வைத்தால் போதும். பதினாலு கூரையில் பதினாலு தட்டு ஏறுவதை விட இது மலிவு. முக்கியமாக, வாசிகசாலைக்கு வருகிறவன் அடுத்த கடிதத்திலும் கையெழுத்துப் போடுவான்.

இது கனவு என்று சொல்கிறவர்களுக்கு: இங்கிலாந்தில் லங்காஷயர் கிராமப்புறத்தில், கொம்பனிகள் "ஆள் காணாது" என்று கைவிட்ட இடத்தில், 2011இல் ஊர்ச்சனம் சேர்ந்து பீ4ஆர்என் என்று ஒரு அமைப்பைத் தொடங்கி, தாங்களே வயலுக்குள்ளால கான் வெட்டி ஃபைபர் தாட்டார்கள். கமக்காரர் காசு வாங்காமல் காணியால் விட்டார்கள். ஸ்பெயினின் கத்தலோனியாவில் 2004இல் தொடங்கிய குய்ஃபி வலையமைப்பும் கிராமத்துக்கு வராத இன்ரநெற்றைக் கூரைக்குக் கூரை அன்ரெனா வைத்து ஊரவர்களே கொண்டுவந்ததுதான். சட்டம் அங்கே வேற, இங்கே வேற. ஆனால் கான் வெட்ட எங்களுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்ல ஏலாது. பங்கர் வெட்டிய சனம்.

சாமான் பைத்தியத்தை முழுக்க விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். என்னிடம் ஆரும் கேட்டால் இரண்டு சாமான் வாங்கச் சொல்வேன். ஒன்று ரவுட்டருக்குப் பூட்டுகிற மினி யூபிஎஸ். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோது இதன் அருமை தெரிந்தது. 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்ட அன்றும் என்னுடைய ரவுட்டர் எரிந்தது. (ரவரின் பற்றறி இறங்கினால் யூபிஎஸ் இருந்தும் பிரயோசனம் இல்லை, அது வேற கதை.) மற்றது ஒரு நல்ல நீள நெற்வேர்க் கேபிள். 4ஜி பெட்டியை எங்கே சிக்னல் கூடவோ அங்கே, ரவர் பக்கத்து யன்னலில், உயரமாக வையுங்கோ. அங்கிருந்து கேபிளை மேசைக்கு இழுங்கோ. நான் ஐந்து ரவுட்டரில் தேடியது ஒரு கேபிளில் பாதி கிடைத்தது. உப்புக்காத்து முனையை அரிக்கும், ஆறு மாசத்துக்கு ஒருக்கால் கழற்றித் துடைக்க வேணும்.

வெளியில் இருந்து போன் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பதிவில்லாத போன்களைக் கட்டுப்படுத்தப்போவதாக ஆணைக்குழு 2025 தொடக்கத்தில் அறிவித்திருக்கிறது. மாமா கொண்டு வருகிறார் என்று சும்மா இருக்காமல், *#06# அடித்து ஐஎம்ஈஐ இலக்கத்தை எடுத்து விசாரித்துவிட்டு ஓம் சொல்லுங்கோ. இல்லையென்றால் அதுவும் லாச்சிக்குள்ளதான்.

தகவல் கேட்கிற கடிதம் போன செவ்வாய்க்கிழமை பதிவுத்தபாலில் போனது. ஒழுங்கையின் விண்ணப்பத்தில் ஆறு வீடும் கையெழுத்து. பூட்டியிருக்கிற எட்டில் மூன்று வீட்டுச் சொந்தக்காரர், வீடு திறக்கிற நாளில் இணைப்பு எடுப்போம் என்று வாட்ஸ்அப்பில் எழுதித் தந்திருக்கிறார்கள். அதையும் அச்சடித்து இணைத்திருக்கிறேன், கொம்பனி கணக்கில் எடுக்குமோ பார்ப்பம். மாமா பாரிஸில் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் வாசிகசாலைக் கதையை எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். தங்கச்சி இன்னும் கதைக்கேல்ல. நேற்றிரவு நடுச்சாமத்துக்குப் பிறகு எழும்பி அவளுடைய வகுப்பு வீடியோக்களை இறக்கி வைத்தேன்.

வைஃபை 6 ரவுட்டர் ஆருக்கும் வேணுமெண்டால் சொல்லுங்கோ. பெட்டியும் பில்லும் இருக்கு. ஃபைபர் உள்ள வீட்டுக்காரர் என்றால் நல்லா வேலை செய்யும்.